ஒரு கோழிக்கு ஒரு குண்டான்

குண்டானில் ஆவி கிளம்பியதும் மாரீஸ்வரி ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் ஒரு தொடு தொட்டு எடுப்பார். எடுத்த வேகத்தில் மறுபடியும் தொடுவார். இரண்டாம் தடவையும் விரல் சும்மா உள்ளே போனால் சூடு போதாது, இறகு பிடிவாதம் பிடிக்கும். விரல் தானாகவே பின்வாங்கினால் அதுதான் பதம். கொதி வந்துவிட்டால் காரியம் கெட்டது. இறகோடு தோலும் பிய்ந்து கோழி கந்தலாகிவிடும். பதம் தெரிந்ததும், "ம், எறக்கு பாய்" என்பார். கடையில் கோழி வெட்டும் ஷாகிர், ரத்தம் வடிந்த கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாக இறக்குவார். ஒரு முக்கு, ஒரு புரட்டு, வெளியே. இறகு ஈரத்தோடு பிடி பிடியாகக் கழன்று வரும்.

பிறகு மாரீஸ்வரி அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் கொட்டுவார். அடுத்த கோழிக்கு அடுத்த குண்டான். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் குழாய் வருகிற தாராவியில், தண்ணீரை இப்படிக் கொட்டுகிற ஆளை நாலு பேர் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். "பாத்துக்கிடுங்க, டிக்கெட் கெடையாது" என்று அவர்களிடம் சொல்வார்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது கடை. பக்கத்தில் எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே மாரீஸ்வரியின் குரல் பெரிதாகிவிட்டது. புடவைக்கு மேலே கணவர் சுரேந்திரனின் பழைய காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் இறுகக் கட்டிய துண்டு. சுரேந்திரனுக்கு மான்குர்த்தில் வெல்டிங் வேலை. கோழி விவகாரத்தில் அவர் தலையிடுவதில்லை. தலையிட்டால் சட்டை திரும்பக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே கிடைப்பதில்லை.

மும்பையில் பெரும்பாலும் கோழியைத் தோல் நீக்கித்தான் கேட்பார்கள். ஷாகிர் சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் தோலை உரித்துவிடுவார். அதற்குத் தண்ணீரே வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது ஆகாது. வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, மஞ்சள் தடவி, தீயில் வாட்டித் தோலோடு தர வேண்டும். "தோலில்லாத கோழி, சட்டையில்லாம கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ள மாதிரி" என்பது மாரீஸ்வரியின் கட்சி. அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சிதான். கட்சித் தலைவர் என்று சொல்ல வேண்டுமானால் வடாலாவில் மெஸ் நடத்தும் வேலுச்சாமி அண்ணாச்சியைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்டா நிறையத் தோலோடு வாங்கிப் போவார். கடை நிற்பதே அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டரில்தான். அது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று மாரீஸ்வரி ஒளிக்காமல் சொல்வார்.

குண்டான்கள் வருவதற்கு முன்னால் இங்கேயும் எல்லாக் கடையையும் போல ஒரு டிரம்தான். பாதியாக வெட்டிய தகர டிரம், அடியில் கேஸ் அடுப்பு. காலையில் ஊற்றிய தண்ணீரில்தான் மதியம் வரை அத்தனை கோழியும் முங்கி எழும். போகப் போகத் தண்ணீர் மண்டி ரசம் போல் ஆகிவிடும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. எப்படியும் குழம்பில் வேகத்தானே போகிறது?

தப்பாக நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: ஈரல் மாறுவதை. கூண்டில் எந்தக் கோழியைக் கை காட்டினார்களோ அந்தக் கோழியின் ஈரல்தான் அவர்கள் பைக்குள் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் பூமாரி என்ற பெண்ணின் பையில் ஈரலே இல்லை, இன்னொருவர் பையில் இரண்டு இருந்தது. பூமாரி வீடு வரை போய்த் திரும்பி வந்து, சந்தே கேட்கும்படி சண்டை போட்டார். அன்றிலிருந்து மாரீஸ்வரி ஈரலைத் தூக்கிக் காட்டி, "மயினி, பாத்துக்கிட்டியளா? ஒங்க கோழி ஈரல் ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பையில் போடுவார். யாராவது போனில் மூழ்கியிருந்தால் அவர்கள் நிமிரும் வரை ஈரல் அந்தரத்தில் நிற்கும்.

அப்படித் தூக்கும்போது இடது கைக் கட்டைவிரல் மட்டும் விறைத்து நிற்பதைப் பார்க்கலாம். அது மடங்காது. ஒரு மழைக்காலத்தில் கோழி எலும்புச் சில்லு குத்தியது. இந்தத் தொழிலில் அது தினம் நடப்பதுதான். மெடிக்கல் கடையில் கேட்டு மாத்திரை போட்டார். விரல் கத்தரிக்காய் போல வீங்கியது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீழை எடுத்து எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று சோதித்தார்கள். வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசியில் ஒன்று, ஊசியில் மட்டும் ஏற்றக்கூடியது, வேலை செய்தது. விரல் பிழைத்தது, மூட்டு பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். "வெரலு போயிருந்தா கோழிய எத வச்சுப் பிடிக்க? பாய்க்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதான்" என்று மாரீஸ்வரி சிரிப்பார். சிரித்தபடியே அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மறைக்கப் பார்ப்பார். அது மறையாது.

பத்மஜா என்ற பெண் கடைக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. வாராவாரம் ஐஸ் பெட்டியோடு வந்து தோலோடு கொஞ்சம், தோலில்லாமல் கொஞ்சம், கூடவே டிரம் தண்ணீர் ஒரு குப்பியில் என்று வாங்கிப் போவார். தண்ணீரை ஏன் வாங்குகிறார் என்று மாரீஸ்வரிக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல வாடிக்கை என்று நெஞ்சுக்கறியாகப் பார்த்துக் கொடுத்தார். ஒருநாள் மரியாதைக்கு, போன வாரக் கறியைக் குழம்பு வைத்தீர்களா, வறுத்தீர்களா என்று கேட்டார்.

பத்மஜாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் சாப்பிடறதில்லை. எங்காத்துல முட்டைகூட வாங்க மாட்டா."

"அப்ப எங் கோழிய என்னதான் செய்யுதீங்க?"

"கழுவிட்டு, அந்தத் தண்ணியைச் சோதிக்கறோம்."

கழுவுவதற்கென்றே காசு கொடுத்துக் கோழி வாங்கும் ஆள் வந்திருக்கிறார் என்ற செய்தி அன்றைக்குச் சந்து முழுக்கப் பரவியது. டின் பட்டறைக்காரர்கள்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சோதித்ததில் என்ன தெரிந்தது என்று பத்மஜா தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னார். கிருமிக்கும் கிருமி உண்டு. பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும் வைரஸ் அது. மனிதரை ஒன்றும் செய்யாது. ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்து, உள்ளேயே பெருகி, அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வரும் அவசரத்தில் தன் மரபணுச் சரக்கைப் பொட்டலம் கட்டும்போது, எப்போதாவது செத்த பாக்டீரியாவின் சரக்கில் ஒரு துண்டு தவறிப்போய்ப் பொட்டலத்துக்குள் விழுந்துவிடும். மருந்துக்குத் தப்பிக்கும் வித்தை அந்தத் துண்டில் இருந்தால், பொட்டலம் போய்ச் சேருகிற அடுத்த பாக்டீரியாவுக்கும் அந்த வித்தை கிடைத்துவிடலாம். பிறகு அந்த மருந்து அதைத் தொடாது.

மாரீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தார். "ஈரல் மாறிப் போன மாதிரியா?"

பத்மஜாவுக்கு விளங்கவில்லை. ஷாகிர்தான் பாதி இந்தி, பாதி தமிழில், பூமாரி இடுப்பில் கை வைத்து நின்ற நிலையையும் நடித்துக் காட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னார். பத்மஜா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அதேதான். எப்பவாவது நடக்கற தப்பு. ஆனா கோடிக்கணக்கில பொட்டலம் கட்டறச்சே, எப்பவாவதுங்கறதே நிறைய."

"எங் கடைத் தண்ணியில அது இருந்துச்சா?"

"இருந்தது. நாங்க பார்த்த எல்லாக் கடையிலயும் இருந்தது."

"அப்ப என் வெரலு?"

"இங்கேருந்துதான் வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. தெரியலை."

அந்தத் 'தெரியலை'தான் மாரீஸ்வரிக்குப் பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற ஆள், தெரிந்ததை இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார் என்பது அவருடைய கணக்கு.

அன்றைக்கே ரோஸ் நிறப் பவுடர் போனது. கோழி கொண்டுவரும் டெம்போக்காரர் பைசான் கொடுக்கும் பவுடர் அது. கூண்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கலந்தால் கோழி வாடாது என்பார்கள். மாரீஸ்வரி பாசத்தில் இரண்டு சிட்டிகை போடுவார். அதுவும் மருந்துதான், அதில் பிழைத்துக் கிடப்பவை வித்தை தெரிந்த கிருமிகள்தான் என்று பத்மஜா சொன்னார். சில மருந்துகள் பாக்டீரியாவுக்குள் சும்மா தூங்கும் வைரஸைக்கூட எழுப்பிவிடுமாம். மாரீஸ்வரி பவுடர் டப்பாவைப் பைசான் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் சில கோழிகள் துவண்டன. கூண்டைப் பட்டறையின் அனலிலிருந்து நகர்த்தி நிழலில் வைத்தார். நெருக்கி அடைப்பதைக் குறைத்தார். பண்ணையில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பைசான் சொல்வதில்லை. "பண்ணையில குடுக்கது எங் கையில இல்ல. இங்க குடுக்கது எங் கையில இருக்குல்லா?"

அடுத்து அவர் செய்தது பெரிய கூத்து. கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசர் கேன் பரணில் இருந்தது. அதை எடுத்து வெட்டுக்கட்டை முழுக்கத் தாராளமாகத் தேய்த்தார். தேய்த்த கையோடு கோழியைக் கட்டை மேல் வைத்து, வாட்டுவதற்குக் கேஸ் துப்பாக்கியைப் பற்ற வைத்தார். கட்டை மேல் நீல நெருப்பு ஓடியது. ஷாகிரின் தாடி நுனி பொசுங்கியது. கோழி மட்டும் ஒன்றும் ஆகாமல் ஆஸ்பத்திரி வாசனையோடு கிடந்தது. "அக்கா, ஆக் லகா தியா, நெருப்பே வச்சிட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்ற ஷாகிர் அதன்பிறகு இரண்டு நாள் பேசவில்லை. பத்மஜா வந்து, பாக்டீரியா வேண்டுமானால் சாகும், இந்த வைரஸில் பல அந்த சானிடைசருக்கு அசைவதே இல்லை, நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் போகும் என்றார். தாடி வீணாய்ப் போனது.

ஆனால் இறகுத் தண்ணீரைக் கொதிக்க விடவும் முடியாதே. தோலை உரித்துக் கொடுத்துவிடலாம், தண்ணீரே வேண்டாம் என்றார் ஷாகிர். அதைச் சொன்னதற்கு மாரீஸ்வரி பார்த்த பார்வையில் மறுபடி தாடியைத் தடவிக்கொண்டார். சூடு ஏற்ற முடியாது, தோலை விட முடியாது. கடைசியில் மாரீஸ்வரியின் மூளை தண்ணீரின் அளவுக்குப் போனது. பழைய பாத்திரக் கடையில் அலுமினியக் குண்டான்களாகப் பொறுக்கி வாங்கினார். ஒரு கோழி முங்குகிற அளவுதான் ஒவ்வொன்றும். ஒரு கோழிக்கு ஒரு தண்ணீர். கொட்டிய பிறகு குண்டானில் கொஞ்சம் நீர் விட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்துக் கவிழ்ப்பார். கட்டைக்கும் கடைசியில் கொதிநீர்தான்.

குழம்பில் நன்றாக வெந்த கறியால் பயமில்லை, அதற்கு முன்னால் சொட்டுகிற நீர்தான் ஆபத்து என்று பத்மஜா சொன்னதையும் பிடித்துக்கொண்டார். கறிப்பையை மல்லித்தழை மேல் வைக்கிறவர்களை இப்போது விடுவதில்லை. "தனியா வைங்க மயினி. தழைய நீங்க வேக வைக்கப் போறதில்ல, பச்சையாத் தூவப் போறிய" என்று பையைப் பிடுங்கி மாற்றி வைத்துவிடுவார்.

இதெல்லாம் சில்லறை வியாபாரத்தில் செல்லுபடியானது. ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். ஒவ்வொரு கோழிக்கும் தனியாகத் தண்ணீர் காய்ந்து முடிவதற்குள் நேரம் ஓடி, முதல் வாரம் வேலுச்சாமியின் மெஸ்ஸில் சாப்பாடு தாமதமானது. இரண்டாம் வாரமும். எதிரே பேச்சிராஜாவின் கோழிக்கடையில் டிரம் இருக்கிறது என்றார் அண்ணாச்சி, அடுத்த தடவை அங்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க மாரீஸ்வரி வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். பழைய டிரம் மூலையில் கிடந்தது. எடைக்குப் போடுவதாகச் சொல்வார், போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. கடை முன்னால் கூட்டம். வேலுச்சாமி ஸ்கூட்டரை நிறுத்தி, அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். வரிசையாக நின்ற குண்டான்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன மாரி இது, ஒரு கோழிக்கு ஒரு சட்டியா? பந்தியில எல எடுத்து எல போடுத மாதிரில்லா இருக்கு."

"ஆமா அண்ணாச்சி. ஒருத்தர் சாப்ட்ட எலையில அடுத்தவர ஒக்கார வப்பீங்களா ஒங்க மெஸ்ஸுல?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேலுச்சாமி சிரிக்கவில்லை. அங்கே ஆட்கள் பசியோடு நிற்பார்கள், வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காக வருகிறவர்கள், அவர்களிடம் வைரஸ் கதை சொல்ல முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாரீஸ்வரி விரலைத் தண்ணீரில் தொட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் வேலுச்சாமியின் கண் மூலைக்குப் போனது. பழைய டிரம், நிறையத் தண்ணீரோடு, அடுப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. அடியில் தீ எரிந்தது.

"பின்ன இதென்ன? அவசரம்னா நீயும் இதுலதான எறக்குவ. ஏத்தித்தான வச்சிருக்க? சும்மா எங்கிட்ட சவடால் அடிச்சுக்கிட்டு."

மாரீஸ்வரி திரும்பி டிரம்மைப் பார்த்தார். பிறகு ஷாகிரைப் பார்த்தார். ஷாகிர் கூரையைப் பார்த்தார். அண்ணாச்சி ஆர்டர் போய்விடக் கூடாதே என்று காலையில் அவராகவே செய்த காரியம் அது. "தந்தா பச்னா சாஹியே, அக்கா" என்றார் மெதுவாக. கடை பிழைக்க வேண்டுமே.

மாரீஸ்வரி அடுப்பை அணைத்தார். பக்கத்துப் பட்டறைக்குள் போய் ஒரு சுத்தியலோடும் நீள ஆணியோடும் வந்தார். டிரம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் மடங்காததால் ஆணியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கி, டிரம்மின் அடி ஓரத்தில் வைத்து அடித்தார். முதல் அடியில் ஆணி சறுக்கியது. இரண்டாவதில் கடித்தது. பிடுங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீர் நூல் போலப் பீய்ச்சி வேலுச்சாமியின் செருப்பை நனைத்தது. அவர் காலைத் தூக்கினார். மாரீஸ்வரி ஆணியை நகர்த்தி இன்னொரு இடத்தில் வைத்தார். பட்டறைக்காரர்கள் தங்கள் சுத்தியல்களை நிறுத்தியிருந்தார்கள். சந்தில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

தண்ணீர் வடிந்து முடியும் வரை வரிசையில் யாரும் நகரவில்லை. எதிர்க்கடையிலிருந்து பேச்சிராஜா, "அண்ணாச்சி, இங்க ரெடியா இருக்கு" என்று குரல் கொடுத்தார். வேலுச்சாமி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேச்சிராஜாவின் டிரம்மில் மண்டியாகக் கலங்கிய தண்ணீரில் இறகு மிதந்தது. பிறகு போனை எடுத்து மெஸ்ஸுக்குப் பேசினார். இன்றைக்குப் பந்தி தாமதம், கேட்கிறவர்களுக்கு முதலில் டீ கொடு, வெங்காயம் வெட்டுகிற இரண்டு ஆளை இங்கே இறகு பறிக்க அனுப்பு என்றார். போனை வைத்துவிட்டு, "நாளப்பின்ன இதையே பழக்கமாக்கிராத" என்று முனகினார்.

மாரீஸ்வரி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, சட்டை நுனியால் அதன் அடிப்பக்கத்தைத் துடைத்து, காலால் அவர் பக்கம் தள்ளினார். வேலுச்சாமி அதன் மேல் உட்கார்ந்தார். மாரீஸ்வரி முதல் குண்டானை அடுப்பில் ஏற்றினார். திரும்பிப் பார்க்காமலே இடது கையை அவருடைய அண்டாவுக்காக நீட்டினார். நான்கு விரல்களும் வா என்று மடங்கி அழைத்தன. கட்டைவிரல் மட்டும் விறைத்து நின்றது.